ஆந்தை என்று சொல்லிவிட்டேன்

தொண்ணூறுகளில் நாங்கள் சிலர் ஊர் ஊராகப் போய், சாமியார்கள் காட்டும் அற்புதங்களைச் செய்துகாட்டி, அவற்றின் பின்னால் இருக்கும் அறிவியலை விளக்குவோம். குஜிலியம்பாறை பக்கம் ஒரு கிராமத்தில், நாக்கில் கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். செல்வி என்ற பெண் தயங்கியபடி வந்தார்.

"சார், பாழுங்கெணத்துக்குள்ள பொழுது சாஞ்சதுல இருந்து மொனகல் கேக்குது. பேயின்னு ஒருத்தரும் கிட்டக்க போக மாட்டேங்குறாக. நான் டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயிப் பாக்கட்டா?"

கைதட்டல் வாங்கிய மிதப்பு எனக்கு. "அது ஆந்தைம்மா. பேயெல்லாம் கிடையாது. பயப்படாம வீட்டுக்குப் போங்க" என்றேன். அவரும் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அந்தக் கிணற்றிலிருந்து ஆடு மேய்க்கும் ஒருவரை உயிரோடு தூக்கினார்கள். விழுந்ததில் கால் நொறுங்கியிருந்தது. செய்தி கேட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"முந்தின நாளே கொண்டுவந்திருந்தா கால் தப்பிச்சிருக்குமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

வராந்தாவில் செல்வி உட்கார்ந்திருந்தார். "படிச்சவுக நீங்க சொன்னீகளேன்னுதான் சார் நான் போகல" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பேய் என்றவர்கள் போய்ப் பார்க்கவில்லை. ஆந்தை என்ற நானும் பார்க்கவில்லை. அன்று போய்ப் பார்க்க நினைத்தவர் செல்வி ஒருவர்தான். அவரைத் தடுத்தவன் நான்.