உயிரோடு இருந்தவருக்கு ஓர் இரங்கல்

என் தங்கை ஒரு பிஸ்கட் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. கம்பெனி சார்பில் பத்திரிகைக்கும் டிவிக்கும் எழுதித் தருவது, நிருபர்களிடம் பேசுவது அவள் வேலை. என் தையல் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுவேன். எட்டாவதோடு நின்றவள் நான். அதற்கு மேல் கேட்டால் எனக்கும் பிடிபடாது. காலையில் எல்லாப் பேப்பரையும் புரட்டிவிட்டு, "அக்கா, நம்ம கம்பெனியப் பத்தி ஒரு வரிகூட இல்ல!" என்று துள்ளுவாள். வேலை செய்த அடையாளமே இல்லை என்றால் அதில் என்ன சந்தோஷம்? பட்டன் தைத்தால் பட்டனாவது தெரியும்.

போன மாதம் தொழிற்சாலையில் அடுப்பு வெடித்து, ஆபரேட்டர் ஒருவர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். நான் தங்கையின் ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, அவள் இரண்டு அறிக்கைகளை எழுதி முடித்திருந்தாள். அவர் தேறி வருகிறார் என்று ஒன்று. அவர் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் என்று இன்னொன்று.

"அடிப்பாவி, மனுஷன் மூச்சு விட்டுட்டு இருக்காருடி!"

"எங்க தொழில்ல ரெண்டும் தயாரா இருக்கணும்க்கா. நடந்தப்புறம் அவசரத்துல எழுதினா தப்பு வந்துடும்."

தப்பு வேறு வழியில் வந்தது. கேமராக்களுக்கு முன்னால் நின்ற மேனேஜர், காகிதத்தை மாற்றி எடுத்து இரங்கலை வாசித்துவிட்டார். குரல் தழுதழுக்க வேறு வாசித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் டிவி பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டரின் மனைவி அலறியடித்து உள்ளே ஓடினால், அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கிறார்.

மேனேஜர் தங்கையைத் தனியே கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்காரங்க தப்பா தகவல் குடுத்துட்டாங்கன்னு சொல்லிடும்மா. சொல்லலன்னா, நாளைக்கு நீ இங்க வரவேண்டியதில்ல."

அவள் நேராக நிருபர்களிடம் போனாள். "ஆஸ்பத்திரி மேல தப்பில்ல. ரெண்டு அறிக்கையும் நான்தான் எழுதி வெச்சேன். எங்க ஆபீஸ்ல மாத்தி வாசிச்சுட்டோம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் பேப்பரைப் பார்த்தால், மாற்றி வாசித்தவரை ஒருவரும் கேட்கவில்லை. உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் எழுதியவள் என்று இவளைக் கிழித்திருந்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு இதுதானா பலன்? போதாததற்கு ஆபரேட்டரின் மனைவியிடமிருந்து போன். திட்டு வாங்கத் தயாராகத்தான் தங்கை எடுத்தாள்.

"அந்தக் காகிதம் ஒண்ணு எனக்குக் கிடைக்குமா? இவர்கிட்ட படிச்சுக் காட்டணும். இவ்வளவு நல்லவர்னு உங்க கம்பெனி ஒரு நாளும் சொன்னதில்லையே."

சிரிப்பதா அழுவதா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் பேசினார். இவளை நீக்கியாகிவிட்டதாம், பத்திரிகைகளுக்கு அறிவிப்பு தரவேண்டுமாம். "நீயே எழுதிக் குடுத்துடும்மா. உன்ன மாதிரி யாருக்கு எழுத வரும்?"

"போனை வைடி! உன் சீட்டை நீயே கிழிக்கிறதா?" என்று கத்தினேன்.

"கடைசி வேலைக்கா. அரைகுறையா விட்டுட்டு வரக் கூடாது."

எழுதி, பிழை பார்க்க என்னிடம் நீட்டினாள். புதிய தொடக்கம், பரஸ்பர மதிப்பு, நன்றி என்று அழகாகத்தான் ஓடியது. எழுத்தெண்ணிப் படித்தேன்.

"இதுல உன்னை வேலையை விட்டு எடுத்தாங்கன்னு எங்கடி இருக்கு?"

காகிதத்தை வாங்கி வரி வரியாகத் தேடினாள். அவளுக்கும் கிடைக்கவில்லை.