இரண்டாவது வி

என் மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனியில் அதே வேலையை இருபது பேர் பார்த்தாலும் 'லிஃப்ட்' என்ற பட்டப்பெயர் அவனுக்கு மட்டும்தான். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கதவைத் திறப்பதற்கு முன்பே இவன் வாயைத் திறந்துவிடுவான். "உள்ள எத்தன பேரு? சரி, அப்படியே உக்காருங்க. நான் வந்துட்டேன், இனிமே இது எங்கயும் விழாது. சாப்டாச்சா எல்லாரும்?" என்று கதவிடுக்கில் முகத்தை வைத்துக் கேட்பான். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தொடங்குவார்கள். அதற்குள் மேலே மோட்டார் அறையில் இருக்கும் கூட்டாளி பிரேக்கைத் தளர்த்தி, பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளத்துக்கு இறக்கிவிடுவான்.

எழுத்து மட்டும் அவனுக்குக் கைகொடுக்கவே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பழுதுப் பதிவேட்டில் 'கதவு' என்பதைக் 'கதவூ' என்று எழுதுவான். கேட்டால், "அது பெரிய கதவு மச்சான்" என்பான். நானோ அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவன். சோற்றில் கல் கிடந்தால் பொறுத்துக்கொள்வேன், வாக்கியத்தில் ஒற்று விட்டுப்போனால் பொறுக்க மாட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பேனாவைத்தான் எடுப்பேன். அந்த வியாதியை நினைத்து எனக்கு ஏகப்பட்ட பெருமை இருந்தது.

பத்தொன்பது வயதில் அவன் ராணுவத்தில் சேர்ந்து ஐந்து வருஷம் இருந்தான். வெளியே வந்ததும் பெயரை ரிசர்வ் படைக்கு மாற்றிவிட்டார்கள். பதினைந்து வருஷம் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், வருஷத்துக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். அவன் இருந்தது இரண்டாம் வரிசை, அதாவது கடைசியாகக் கூப்பிட வேண்டியவர்கள். பதின்மூன்று வருஷமாக யாரும் கூப்பிடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் பாதி நாள் எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

போன வருஷம் என் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி ஏற்றும் ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தன. இடது கை முடிந்து வலது கைக்கு மாறியபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "ஒரு வருஷத்துக்குள்ள வேற கிட்னி வெச்சாகணும். அதுக்கு மேல ஊசி போட இடம் இருக்காது" என்றார். என் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அவள் தம்பியுடையது எல்லாவற்றிலும் சேர்ந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சின்ன வயசுல என் முட்டாய்ல பாதி பிடுங்குவ. இப்ப கிட்னில பாதி. வளரவே இல்லக்கா நீ" என்றான். அவள் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

மருத்துவமனைக் குழு ஒரே ஒரு தாள் கேட்டது. கொடுப்பவர் ரிசர்வ் படையில் இருந்தால், அவரை நாளைக்கே யாராவது துப்பாக்கியும் மூட்டையும் தூக்கச் சொல்லலாம். ஆகவே படையிலிருந்து முழுசாக வெளியே வந்ததற்குச் சான்று வேண்டும். அது வந்தால் அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்குத் தேதி தருகிறோம் என்றார்கள்.

அவன் ரிசர்வ் அலுவலகத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையைப் பார்த்து ஒரு மனு எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். என் மேசையில் வைப்பதற்குள் போன் அடித்தது. எங்கேயோ ஏழாவது மாடியில் ஆள் மாட்டிக்கொண்டிருந்தது. "நீங்க பாத்து நல்லா எழுதி வைங்க மச்சான், வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒன்றரைப் பக்கத்தில் முப்பது பிழை. 'அக்கா' என்ற சொல்லுக்கே ஒரு இடத்தில் க் இல்லை. கடைசியில் கோரிக்கை: 'பணியிலிருந்து விடுவிப்பு வேண்டி.' அதில் வி இரண்டு தடவை வந்திருந்தது. கதவை நீட்டுகிறவன் விடுப்பையும் நீட்டிவிட்டான் என்று நினைத்து, இரண்டாவது வியை அடித்தேன். விடுவிப்பு என்ற சொல் எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முப்பது பிழையைத் திருத்திக்கொண்டே வந்த கை முப்பத்தொன்றாவதில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அழகாக நகல் எடுத்தேன். அவன் வந்து படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் விடுப்பு மனு ஏற்கப்பட்டது. நூற்றைம்பது நாட்கள் அனுமதிக்கப்படுகின்றன.' நானே அதை மனைவிக்கு இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நூற்றைம்பது நாள் என்பது தாள்கள் நகரும் காலமாக இருக்கும் என்று நானே ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

மருத்துவமனைக் குழுவின் அலுவலர் அம்மா அந்த வரியில் விரலை வைத்தார். "இது லீவு சார். விடுப்பு. நாங்க கேட்டது விடுவிப்பு. லீவுல இருக்கறவரு இன்னும் படைக்காரர்தான். அவங்க விடுவிக்காம நாங்க கத்தி வைக்க முடியாது."

நான் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "என் தப்புதாங்க. நான் எழுதினது அப்படி இருந்திருக்கும். மச்சான் நகல்தான் எடுத்தாரு. எனக்கு எழுத வராது" என்றான். வெளியே வந்ததும் அக்காவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "மன்னிச்சிருக்கா" என்றான். அவள் அவன் தலையைத் தடவினாள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து சிவப்புக் கோடுகள் போட்ட அந்தத் தாளைப் பார்த்தேன், மறுபடி உள்ளே வைத்து மூடினேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ரிசர்வ் அலுவலகத்துக்கு இருவரும் போனோம். நான்காம் நம்பர் ஜன்னலில் இருந்த பெண் கெட்டவள் இல்லை. கோப்பைப் பொறுமையாகப் புரட்டினாள்.

"லீவுல இருக்கறவங்க விடுவிப்பு கேக்க முடியாதுங்க. லீவு முடிஞ்சு வந்து கேக்கணும்."

"லீவ ரத்து பண்ணிட்டா?"

"பண்ணலாம். ஆனா விடுவிக்க காரணம் வேணும். உடம்பு லாயக்கில்லன்னு சான்று இருக்கா?"

"ஒரு கிட்னிதான் இருந்தா லாயக்கா?" என்று அவன் கேட்டான்.

"இல்லங்க. அன்னிக்கே விடுவிச்சிருவாங்க."

"அந்த இன்னொண்ண எடுக்கத்தாங்க விடுவிப்பு கேக்கறேன்."

அவள் எங்களைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். அந்த ஜன்னலுக்கு முன்னால் நாங்கள் நின்றது அப்படித்தான். கடைசியில் அவளே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். லீவை ரத்து செய்யக் கேட்டு, நிலைமையை விளக்கி, மருத்துவமனைத் தாள்களையும் இணைத்தால் மேலே இருப்பவர்கள் தனியாகப் பார்க்கலாம்.

இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன். அச்சக முதலாளியிடமும் காட்டினேன். மைத்துனனுக்குச் செய்திருந்த பரிசோதனைகள் அத்தனையையும் இணைத்தோம்: இதயம், நுரையீரல், ரத்தம், கண், எலும்பு. தானம் கொடுப்பவனை மருத்துவமனையில் சோதிக்கிற மாதிரி மாப்பிள்ளையைக்கூட யாரும் சோதிப்பதில்லை. நாற்பத்திரண்டு பக்கம், எல்லாப் பக்கத்திலும் 'குறை ஏதுமில்லை'.

அந்த நாற்பத்திரண்டு பக்கத்தையும் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து படித்திருக்கிறான். பதில் வந்தது. விடுப்பு ரத்து செய்யப்பட்டது. இணைத்துள்ள மருத்துவச் சான்றுகளின்படி முழு உடல்தகுதி உள்ளவராகக் காணப்படுவதால் இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றப்படுகிறார். வரும் ஒன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு முகாமில் ஆஜராக வேண்டும். பணிக்காலம் எட்டு மாதம்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். அவன் சிரித்துவிட்டான். "உன்னால எனக்குப் பதவி உயர்வுக்கா" என்றான். அவள் சிரிக்கவில்லை.

மேலதிகாரியைப் பார்க்க மூன்று நாள் காத்திருந்தோம். அவர் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ரெண்டுலயும் நீங்க கேட்டதத்தான் குடுத்திருக்கோம்" என்றார். குரலில் எகத்தாளம் இல்லை, உண்மையைச் சொன்னார். இனி முகாமில் சேர்ந்த பிறகு அங்கிருக்கும் தலைமை அதிகாரி வழியாகத்தான் மனு போக வேண்டும், முடிவு தெரிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். "சேராம இருந்துடலாம்னு மட்டும் நெனச்சுராதீங்க. ஓடிப்போனவர்னு பதிவாச்சுன்னா எந்த ஆஸ்பத்திரியும் உங்கள உள்ளயே விடாது" என்றார்.

வலது கையிலும் இரண்டு இடம்தான் மிச்சம் இருந்தது. எட்டாம் தேதி டயாலிசிஸ் படுக்கையில் என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, அவன் வர்ற வரைக்கும் நான் இருப்பேனா?" என்று கேட்டாள். இருப்பாய் என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. இயந்திரத்தில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியதும் நடைபாதைக்குப் போய் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அவளைப் பிடித்துக் கீழே தள்ளிய கை என் கைதான், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பதாம் தேதி காலை முகாம் வாசலுக்கு அவனோடு நான் மட்டும் போனேன். மதில் ஓரமாக மூட்டைகளோடு நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒருவர் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார். அவன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான். உள்ளே நான்கு வெள்ளைத்தாள். ஒவ்வொன்றிலும் அடியில் அவன் கையெழுத்து, மேலே ஒன்றுமே இல்லை.

"மனு நீங்களே எழுதிருங்க மச்சான். நாலு இருக்கு, ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு அனுப்பிக்கிட்டே இருங்க. உள்ள நான் உக்காந்து எழுதினா மறுபடி ஏதாவது சொதப்பிடுவேன். அக்கா உசுரு அதுல கெடக்கு. உங்கள விட்டா யாரு இருக்கா?"

தாள் கையில் இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மாப்ள, முதல் மனுவுல நீ சரியாத்தான் எழுதியிருந்த. நான்தான் திருத்தினேன்."

அவனுக்குப் புரிய நேரமானது. "எத?" என்றான்.

"விடுவிப்புல ரெண்டாவது வியை. தப்புன்னு நெனச்சு அடிச்சிட்டேன். ஆஸ்பத்திரில அந்தம்மா சொன்னப்பவே தெரிஞ்சுது எனக்கு. சொல்லல."

அவன் என்னை அடித்திருக்கலாம். கத்தியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். வாசலில் பட்டியல் படிப்பவர் அடுத்த பெயருக்குப் போனார். இவன் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போர்டு முன்னாடி நின்னு ஒவ்வொரு எழுத்தா பாத்து எழுதினேன் மச்சான்" என்றான். "அந்த ஒரு வார்த்த தப்பாயிடக் கூடாதுன்னு."

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். "வரேங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, தாள்களை என் கையிலிருந்து வாங்கினான். மதிலில் வைத்து, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் எழுதினான். பெரிய பெரிய எழுத்து. வி. டு. வி. ப். பு. நான்கு தாளிலும் எழுதி முடிப்பதற்குள் உள்ளே இருந்தவர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். தாள்களைத் திருப்பிக் கொடுத்தான்.

"அக்காட்ட இதச் சொல்ல வேண்டாம், பிரஷர் ஏறும்" என்றான். மூட்டையைத் தோளில் போட்டான். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் போல திருத்திக்குங்க. இத மட்டும் திருத்தாதீங்க."