ஆட்சேபம் உள்ளவர்கள்

எங்களைப் பிரித்து விடுவார்கள் என்றுதான் நான் நம்பினேன். மலையாளத்தில் அச்சடித்த ஒரு நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, எங்கள் தெருவை ஒரு பக்கமும் அவர்கள் தெருவை இன்னொரு பக்கமுமாகச் சர்க்கார் பிரிக்கப் போகிறது, நான் தப்பித்தேன் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. எல்லோருக்கும் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

எழுபதுகளின் கடைசி. எருத்தேன்பதிப் பக்கம், மலையாளச் சர்க்காருக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊரில் வாய்க்கால் தண்ணி முறைக்காக மேற்குத் தெருவும் கிழக்குத் தெருவும் அடித்துக்கொண்டன. நான் மேற்கு. அந்தச் சண்டையில் என் பங்கு ஒரே ஒரு கல். கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தேன். அது எங்கள் தெரு எருமை மேல் விழுந்தது. எருமை கத்தியதும் எதிரி வந்துவிட்டான் என்று ஓடினேன். முப்பத்தைந்து வயது அப்போது எனக்கு. நான் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் கிழக்குத் தெருவின் ஓலை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள்.

அதற்கப்புறம் ரெண்டு தெருவுக்கும் வேலை இல்லை. இவனைக் கூப்பிட்டால் அவன் வம்பு, அவனைக் கூப்பிட்டால் இவன் வம்பு என்று தோட்டக்காரர்கள் வெளியூர் ஆளை வைத்துக்கொண்டார்கள். கடைசியில் சர்க்கார் ஒரு ரோட்டு வேலை கொடுத்தது. கூலியில் பாதி காசு, பாதி கோதுமை. சமாதானமும் ஆகட்டும் என்று ஒரு நிபந்தனை: இந்தத் தெருவில் ஒரு ஆள், அந்தத் தெருவில் ஒரு ஆள், சோடி சோடியாகத்தான் வேலை.

எனக்கு வாய்த்தவர் வீடு எரிந்தவர். என்னைவிட இளையவர், ஒரு முழம் கூடுதல் உயரம். அவர் கையில் கடப்பாரை, என் கையில் மண் அள்ளும் சட்டி. அவர் குத்திப் பெயர்க்க வேண்டும், நான் அவர் முன்னால் குனிந்து அள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த அதிகாரிக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. ஒவ்வொரு தடவை குனியும்போதும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டேன். நாலாம் நாள் அவர் கேட்டார்:

"ஏனுங்ணா, கழுத்துல சுளுக்குங்களா?"

"ஆமாங்க, பொறந்ததுல இருந்தே."

"அன்னைக்கி ஓடறப்ப நல்லாத்தானுங்களே இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"பாக்காம? வேட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். என்ற ஊடு எரிஞ்சிட்டு இருக்குது, எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அதுக்கு என்ற பொண்டாட்டி இன்னமும் பேசறா."

அன்றிலிருந்து கழுத்து சரியாகிவிட்டது. அவர் மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் இருந்தார்கள். லீவு முடிந்து ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது காலி செய்ய வேண்டும். பழைய இடத்திலேயே சாயங்காலம் மண் குழைத்துச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார். "இந்த வேல மழ வரைக்கும் நின்னுதுன்னா ஓல வாங்கி மேய்ஞ்சுருவனுங்க" என்பார். வேறு பேச்சே கிடையாது. ஓலை, சுவர், ஓலை.

அப்போதுதான் தார் டிரம் ஒன்றின்மேல் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான் மூன்றாம் வகுப்பு வரை மலையாளம் படித்தவன். எழுத்து தெரியும், அர்த்தத்தை நானாகப் போட்டுக்கொள்வேன். தொழிலாளிகளை அடுத்த வாரம் 'பிரிச்சு விடும்' என்று இருந்தது. 'ஆட்சேபமுள்ளவர்' ஏழு நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்றும் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. அதைக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லை. "அது சும்மா கையெழுத்துச் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தெரு அக்கா ஒருத்தி, "நல்லதாப் போச்சு. அவிய மூஞ்சில முழிக்க வேண்டாம்" என்றாள்.

கிழக்கிலிருந்து உடனே பதில் வந்தது: "உங்க மூஞ்சில முழிச்சுத்தான் எங்களுக்குக் கோதும வேகமாட்டீங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரிப்பதற்கு யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்கப் போகிறது? இருந்தாலும் எவன் முதலில் சொல்லுவான்?

ஒருத்தர் சொன்னார். மத்தியானம் பனை நிழலில், யாரும் இல்லாதபோது.

"ஏனுங்ணா, எனக்கு ஆட்சேபம்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்களேன். எனக்கு எழுத வராது."

"உங்களுக்கென்னங்க ஆட்சேபம்?"

"பழகிப் போச்சுங்க. புது எடம், புது ஆளு, மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இங்கன்னா சுவத்துக்கும் பக்கம்."

மறுபடி பயம் வந்தது. இப்போது அவரைக் கண்டு இல்லை, என் தெருவைக் கண்டு. கிழக்குத் தெரு ஆளுக்காக, பிரிக்காதீர்கள் என்று என் கையெழுத்தில் மனுவா? தெரிந்தால் இந்த முறை எரிக்க என் வீட்டைத் தேடி வருவார்கள். பயம் வந்தால் எனக்கு ஜோக் வரும், அது என் வியாதி.

"கண்ணாலமா கட்டிக்கப் போறோம், பிரிக்காதீங்கன்னு மனுக் குடுக்க?"

அவர் கொஞ்சம் சிரித்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ரெண்டு நாள் விட்டு மறுபடி கேட்டார். மறுபடி ஒரு ஜோக் சொன்னேன். அது என்ன ஜோக் என்று இப்போது ஞாபகம் இல்லை. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலை ஓவர்சியர் வந்து கடப்பாரைகளையும் சட்டிகளையும் எண்ணி வண்டியில் ஏற்றச் சொன்னார். நான்தான் மலையாளம் தெரிந்தவனாச்சே, முன்னால் போய் நின்றேன்.

"சார், எங்க தெருவ எந்த எடத்துல போட்டிருக்குங்க?"

"எவிடெயும் இல்ல. பிரிச்சு விட்டு."

"அதானுங்க சார், பிரிச்சு எங்க விட்டிருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எங்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்: "பிரிச்சு விட்டுன்னா வேலையை விட்டு நிறுத்தியாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவரே தொடர்ந்தார். வீடு போனவர்கள் ஆட்சேபம் எழுதித் தந்தால், ரோட்டுக்குக் குறுக்கே தண்ணி போவதற்குக் கட்டும் கலுங்கு வேலையில் மழை வரை வைத்துக்கொள்வதாகத்தான் கீழே எழுதியிருந்ததே, ஒரு ஆள்கூட ஏன் தரவில்லை என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ரெண்டு தெருவும் என்னைப் பார்த்தது. சண்டைக்குப் பிறகு ரெண்டு தெருவும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். நான் ஓடுவதற்கு வழி பார்த்தேன். வழி இருந்தது. என் சோடிக்காரர் மட்டும் டிரம் பக்கமாகப் போய் நின்றார்.

"ஏனுங்ணா, அந்தப் பொடி எழுத்த மறுக்கா ஒருக்காப் படிங்க."

படித்தேன். எழுத்துக் கூட்டி, நாலு வரியையும். எல்லாம் எனக்குப் புரிகிற வார்த்தைகள்தான். வீடு, மழை, கலுங்கு. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும், "செரிங்க" என்றார்.

அன்றைக்கே அவர் பேரில் மனு எழுதி, பஸ் ஏறிப் பக்கத்துச் சித்தூர் ஆபீசுக்கு ஓடினேன். ஓடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. வழியெல்லாம் மலையாளத்தில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். குமாஸ்தா மனுவைத் தொடாமல், தேதியை மட்டும் பார்த்தார். ஏழு நாள் கழிந்துவிட்டது என்றார். நான் ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். மலையாளத்தில் வரவில்லை.

ரெண்டு தெருவும் பழையபடி பேசாமல் போனது. கலுங்கு வேலைக்கு வேலந்தாவளத்திலிருந்து ஆள் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் என் சோடிக்காரர், மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். சுவர் இடுப்பளவுக்கு நின்றது. கூரை இல்லாததால் அந்த மழையிலேயே கரைந்துவிட்டது.