வில்லுக்குப் பொட்டு வைத்தவர்

என் வில்லின் கீழ்ப் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றி ஒரு சின்னக் குழி உண்டு. அதற்குள் கடுகளவு குங்குமம் ஒட்டியிருக்கிறது. வாரம் ஒருமுறை வில்லைத் துடைக்கிறேன், நாணுக்கு மெழுகு தேய்க்கிறேன், சக்கரங்களில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டுகிறேன். அந்தக் குழிக்குள் மட்டும் துணியை விடுவதில்லை. மைதானத்தில் பார்ப்பவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. அது எங்கள் கம்பெனி ஃபிட்டர் அண்ணன் வைத்த பொட்டு. ஒரு காலத்தில் அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். முப்பது வயதுக்கு மேல் வில் பிடித்தவள். காம்பவுண்ட் வில் என்பது கோயில் தூணில் பார்க்கிற வில் அல்ல, பாதி மெஷின். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பட்டை, பட்டைகளின் நுனியில் சக்கரங்கள், இடையில் ஒரு நாணும் இரண்டு கேபிள்களும். கம்பெனிக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் மாலையில் பயிற்சி செய்வேன். வீடு வேப்பம்பட்டில். இரண்டு ரயில் மாறி அந்தப் பெட்டியைத் தினமும் தூக்கி வருவது ஆகாத காரியம் என்பதால், வில் ஃபிட்டர் அண்ணனின் டூல் ரூம் பீரோவிலேயே இருந்தது. பயிற்சிக்காக மேனேஜர் ஒரு வருடத்துக்கு என்னைப் பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிப்டில் போட்டிருந்தார். மாவட்ட வில்வித்தை அணிக்கான தேர்வில் பெயர் வந்தால் அது தொடரும், வராவிட்டால் பழையபடி மூன்று ஷிப்ட். மூன்று ஷிப்டில் வீட்டையும் பார்த்துக்கொண்டு அம்பு விட முடியாது. அந்தத் தேர்வு போனால் வில்லும் போனது என்று அர்த்தம்.

ஃபிட்டர் அண்ணனுக்கு லூசான போல்ட்டைக் கண்டால் ஆகாது. கேன்டீன் பெஞ்ச் ஆடினால்கூட சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்பேனர் எடுத்து வருவார். சாம்பாரில் உப்பில்லை என்றால் பேசாமல் சாப்பிடுவார், பெஞ்ச் ஆடினால் மட்டும் பொறுக்காது. அவருடைய டூல் ரூமில் சாமான்கள் எல்லாம் சுவரில் வரிசையாகத் தொங்கும். என் வில்லைப் பார்த்த முதல் நாளே, "இது நம்ம பட்டை மாதிரிதாம்மா, வளைச்சா திரும்பி வரும்" என்று சொல்லிச் சொந்தம் கொண்டாடிவிட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டு, ஆர்.கே.பேட்டையில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் காலை வந்தால், வாழைக்கன்றும் மாவிலையுமாக டூல் ரூம் ஜொலிக்கிறது. நடு மேசையில், டிரில் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் முன்னால், என் வில். துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போலாக்கி, பட்டைகளிலும் சக்கரங்களிலும் நாணின் நடுவிலும் சந்தனக் குங்குமம் வைத்திருந்தார். "இன்னாம்மா, எப்டிக்கீது? உனக்குத்தான் மொத பூஜ" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமைதான். வில்லோடு போட்டோ எடுத்துக்கொண்டேன். ரெண்டு கை நிறையப் பொரிகடலை வாங்கித் தின்றேன்.

அடுத்த நாள் நாணை இழுத்தபோது, வேறு யாருடைய வில்லையோ இழுப்பதுபோல் கனத்தது. முதல் அம்பு இலக்குக்கு மேலே பறந்து காம்பவுண்ட் சுவரில் மோதி உடைந்தது. நாணின் நடுவில் சந்தனம் காய்ந்து மண்ணாக உதிர்ந்தது. சக்கரங்களில் கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்த வெள்ளைக் கோடுகளைக் காணோம். விசாரித்தால் அண்ணன் பெருமையோடு சொன்னார். "அழுக்குன்னு தின்னர் போட்டுத் தொடச்சேம்மா. போல்ட்டு ரெண்டும் வேற லூசா இருந்துச்சி, நல்லா டைட் வச்சிட்டேன்."

அந்த போல்ட்டுகள் லூசாக இருந்தது பழுதல்ல. என் கைக்கு இழுக்க முடிகிற அளவுக்குத் தளர்த்தி வைத்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. சென்னையில் வில் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். கொண்டு வந்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு வாரம் ஆகும் என்றார். அன்று எல்லோர் முன்னாலும் அண்ணனிடம் கத்திவிட்டேன். "கேக்காம எதுக்குத் தொட்டீங்க? என் பொழப்பே போச்சு" என்றேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே என் பிரிவுக்கு வந்தார். "அந்த வெள்ளக் கோடு இன்னாத்துக்கும்மா? சொன்னியானா அதே எடத்துல போட்டுக் குடுத்துடுறேன்" என்றார். எனக்கும் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து வில்லில் எது என்றாலும் கடையில் கொடுத்து வாங்குவதுதான் என் பழக்கம். நாள் முழுக்கச் சோதனையில் இருக்கும் பட்டைகளுக்கு 'தொடாதே' அட்டை கட்டுகிறவள், சொந்த வில்லுக்கு ஒன்று கட்டியதில்லை. கோபமெல்லாம் வடிந்து வெட்கமாகிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "வுடும்மா, கத்துக்கலாம். நான் கைய வெக்க மாட்டேன். இன்னா சாமான் வேணுமோ அத்த மட்டும் சொல்லு" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பட்டைகளை அழுத்திப் பிடித்துக் கேபிளைத் தளர்த்த ஒரு பிரஸ் வேண்டும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். பழைய சேனல் கம்பியும் ஒரு ஸ்க்ரூ ராடும் எடுத்து, வில்லில் கீறல் விழாமல் சைக்கிள் டியூப் சுற்றி, இரண்டே நாளில் அண்ணன் செய்து கொடுத்தார். அதன்பின் ஷிப்ட் முடிந்து நான் வேலை செய்யும்போதெல்லாம், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். கடைக்காரர் சொன்னபடி போல்ட்டுகளை இரண்டு பக்கமும் சரியாக இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். நானே நாணை இழுத்துக்கொண்டு சக்கரத்தைப் பார்க்க முடியாது. அவர்தான் எனக்குக் கண்ணாக இருந்தார். நாணை முழுதும் இழுத்ததும் மேலும் கீழும் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் கேபிளில் முட்டி நிற்க வேண்டும். "கீழ்ச் சக்கரம் ஒரு நூல் லேட்டும்மா" என்பார். பிரஸ்ஸில் வைத்துக் கேபிளுக்கு அரை முறுக்குக் கொடுப்பேன். "இப்ப அரை நூல்." மறுபடி அரை முறுக்கு. அந்தத் தாமதம் பூஜையால் வந்ததல்ல, ஒரு வருடமாகக் கேபிள் நீண்டு வந்ததைக் கவனிக்காத என் சோம்பலால் வந்தது. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை. இரண்டும் ஒன்றாக முட்டிய அன்று, இனி சக்கரம் நகர்ந்தால் தெரியும்படி, வெள்ளை பெயின்டை எடுத்து நானே கோடு போட்டேன். பிறகு செய்தித்தாளைச் சட்டத்தில் கட்டி அதன் வழியே அம்பு விட்டோம். கிழிசல் மேலே நீண்டால், அம்பு வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அம்பு உட்காரும் தாங்கியை மயிரிழை உயர்த்தி, மறுபடி விட்டு, மறுபடி பார்த்து, எட்டாவது தாளில் துளை வட்டமாக விழுந்தது. அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வன்று மூன்றாம் சுற்றில் அம்புகள் இடப்பக்கம் ஒதுங்கின. முன்பாக இருந்தால் அழுதிருப்பேன். வில்லை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். தாங்கியின் திருகு தளர்ந்திருந்தது. அது லூசாக இருக்கக் கூடாத திருகு. பழைய இடத்துக்கே கொண்டுவந்து இறுக்கினேன். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. கடைசியானால் என்ன, ஜெனரல் ஷிப்ட் நிலைத்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாஷ்டா துன்னியாம்மா?" என்றார்.

அவர் ஓய்வு பெற்று ஊத்துக்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறேன். குங்குமத் தட்டை நீட்டி, "நீயே வெய்ம்மா" என்பார். கைகள் உடனே முதுகுக்குப் பின்னால் போய்விடும். அன்று நான் கத்தியது அந்தக் கைகளில் இன்னும் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். இந்த வருடம் பார்த்தேன், குழிக்குள் இருந்த பழைய குங்குமம் பழுப்பேறிப்போயிருந்தது. வில்லை அவர் மடியிலேயே வைத்துவிட்டேன்.

"நீங்க வைங்கண்ணா."

"நானா?"

"நீங்கதான்."

விரலைக் குங்குமத்தில் தொட்டு, பழைய இடத்திலேயே மெல்ல வைத்தார். விரல் அங்கேயே நின்றது. போல்ட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ரெண்டு சுத்துதானம்மா லூசு?"

"ரெண்டேதாண்ணா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, வில்லைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.