காற்றாடி மேசைச் சீசா

ரப்பர்த் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுச் செங்கம்மா மலேசியாவின் ஜெராம் ஊரில் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் கடை போட்டது எண்பத்து மூன்றில். தோட்டத்தில் அவளை விரட்டி வேலை வாங்கிய மண்டோர் பெரியண்ணனும் அங்கேதான் சாப்பிட வருவார். பால்மரம் சீவுகிற கூலிகளோடு ஒரே பலகையில் உட்கார்ந்தால் அவருக்குக் கௌரவம் போய்விடுமாம். காற்றாடிக்குக் கீழே தனி மேசை.

ஒருநாள் கிச்சாப்பு என்கிற சோயா சாஸ் சீசாவின் வாயில் வழிந்த கறுப்புச் சொட்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அத்தனை பேர் பார்க்க அவளைத் துடைக்க வைத்தார். பிறகு மிச்சக் கிச்சாப்பை அவள் சேலையில் கவிழ்த்தார்.

“லயத்துக் கூலிக்காரிக்குக் கடை ஒரு கேடா?”

செங்கம்மா அழவில்லை. கடை ஓய்ந்த நேரமெல்லாம் தகரம் வெட்டினாள், சீசாவுக்கான ரப்பர் மூடியைக் குடைந்தாள். கடைசியில் அந்த மூடியில் செருகிய ஒரு குழாயின் நுனியைச் சரிவாக அராவி, அதைச் சுற்றிச் சின்னக் கிண்ணம் வைத்தாள். வழியும் சொட்டு கிண்ணத்தில் இறங்கி, அடித்துளை வழியே சீசாவுக்குள்ளேயே திரும்பியது.

எல்லா மேசைக்கும் புதுச் சீசா வைத்தாள். காற்றாடி மேசைக்கு மட்டும் பழையது.

கோயில் கூட்டத்துக்குப் போகும் வழியில், சலவைச் சட்டையோடு வந்த பெரியண்ணன் மற்ற மேசைகளில் புதுச் சீசாவைக் கண்டு கத்தினார். “எனக்கும் அந்தச் சீசாவக் கொண்டா!”

“அது கூலிக்காரங்க மேசைக்கு உள்ளது லா, மண்டோரே. வேணும்னா அங்க போயி உக்காருங்க.”

பலகையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம்கூட விட்டார்கள். பெரியண்ணன் எழுந்திருக்கவில்லை. பழைய சீசாவையே எடுத்துச் சாய்த்தார்.

சட்டையில் சொட்டு விழுந்தது. துடைக்கும் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு செங்கம்மா நின்று பார்த்தாள்.