சந்தனம் வைத்த கால்குலேட்டர்

இன்று ஆயுத பூஜை. என் போனுக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது விரல் தானாகவே சார்ஜர் ஓட்டையை விட்டு விலகிப் போயிற்று. பட்ட அனுபவம். அந்த வாசனையோடு ஸ்டெல்லாவின் கால்குலேட்டரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் பத்தாவதோடு நின்றவன். டிஸ்பிளே மாற்றத் தெரியும், முருகன் படத்துக்குப் பூ வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஸ்டெல்லா டிப்ளமோ படித்தவள், மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் எங்கள் முருகனுக்கு ஊதுபத்தி தீர்ந்தால் முதலில் சொல்வதும் அவள்தான்.

கப்பல் வேலைக்குப் போன அவள் அண்ணன் வாங்கிவந்தது அந்தக் கால்குலேட்டர். கணக்கை அடித்தால் கோடாக வரைந்து காட்டும். அதற்குள் கம்ப்யூட்டரில் ஓடுகிற ஓப்பன் சோர்ஸ் சிஸ்டத்தையே ஏற்றப்போகிறேன் என்றாள்.

"யாரு வேணா தொறந்து பாக்கலாம், மாத்திக்கலாம்ணா. எங்கெங்கயோ கீறவங்க எழுதி சும்மா குட்த்துகினு கீறாங்க."

"சும்மாவா? நம்ம கோயில்ல டியூப்லைட்டு குட்த்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்கு பேரு எழுதுவாங்களே!"

கிண்டல் செய்தேனே தவிர, மனசுக்குள் திருப்போரூர் கிருத்திகை அன்னதானம்தான் வந்து நின்றது. சமைத்தது யாரென்று சாப்பிடுகிறவனுக்குத் தெரியாது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூ டிரைவர் முதல் சால்டரிங் அயர்ன் வரை பொட்டு வைத்த என் பக்தி, மேசைமேல் இருந்த கால்குலேட்டரையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் அவள் சிஸ்டத்தை ஏற்றினாள். பாதியில் ஒயர் தொடர்பு விட்டுப்போய்த் திரை கறுத்துவிட்டது.

"இன்னாண்ணா இது! ஒயர் சொருவற ஓட்டைலயா பொட்டு வெப்ப? செத்துப்போச்சுன்னா எங்கண்ணனுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. 'முருகா, உனக்கு வைத்ததுதானே, நீயே எடுத்துக்கொள்' என்று பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினேன். அவள் பின்பக்கத்துச் சின்னத் துளையில் குண்டூசியால் அழுத்தி, முதலிலிருந்து ஏற்றினாள்.

கறுத்த திரையில் எழுத்து வரிவரியாக ஓடத் தொடங்கியது. சந்நிதியில் திரை விலகிக் கற்பூரம் காட்டும்போது மூச்சு நிற்குமே, அப்படி நின்றது எனக்கு. கடைசியில் ஒரே ஒரு கோடு கண்சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

"நீயே மொதல்ல அடிண்ணா."

இங்கிலீஷ் எழுத்தில் 'முருகா' என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது.

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க சாமிய அதுக்குத் தெரியலண்ணா. இரு, சொல்லிக் குடுக்கறேன்."

ஏதோ நாலைந்து வரி எழுதிவிட்டு, திரும்ப அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

'வந்தேன்' என்றது.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் செருப்பைக் கழற்றியிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஸ்டெல்லா கல்யாணமாகி எங்கோ வடக்கே போய்விட்டாள். கால்குலேட்டரும் அவளோடு போயிற்று. காலையில் சந்தனக் கையோடு என் போனில் 'முருகா' என்று அடித்துப் பார்த்தேன். பாட்டு வந்தது, படம் வந்தது, திருப்போரூரில் பிளாட் வாங்கச் சொல்லி விளம்பரமும் வந்தது. 'வந்தேன்' என்று மட்டும் வரவில்லை.