ஆளுநரின் படத்துக்குப் படைத்த சோறு

பலேர்மோ துறைமுகத்தைப் பார்த்த வீடொன்றில் ஓர் இத்தாலிய அம்மாவைப் பராமரித்தேன்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறு வயதிலும் முதுகு வளையாதவர். சாப்பிட உட்கார்ந்ததும் பாண் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தட்டோரம் வைப்பார். அதைத் தானும் சாப்பிடமாட்டார். என்னையும் எடுக்க விடமாட்டார்.

சுவரில் அவருடைய தகப்பனின் பெரிய புகைப்படம். ஆப்பிரிக்காவில் இத்தாலியர் பிடித்து ஆண்ட நாடொன்றுக்கு ஆளுநராக இருந்தவர். நெஞ்சு நிறையப் பதக்கங்கள்.

நவம்பரில் இறந்தவர்களின் நாள் வந்தது. சிஞ்ஞோரா சந்தோஷப்படுவார் என்று நினைத்து, எங்கள் வழக்கப்படி சோறும் கறியும் அந்தப் படத்தின் முன் படைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. இத்தாலிய மொழியில் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் தமிழில்தான் கேட்கிறது.

"அவருக்கு வையாதை, பிள்ளை. எப்பவும் அவர்தான் முதல் சாப்பிட்டவர்."

படத்தின் மூலையைத் தொட்டார். நான் தினமும் துடைத்த படம்தான். அங்கே ஒரு கறுப்புப் பெண்ணின் பாதி உருவம். இடுப்பில் ஒரு குழந்தை.

"இந்தக் குழந்தைக்கு வை. இவளும் அப்பான்ரை பிள்ளைதான், என்ரை தங்கச்சி. திரும்பி வரேக்கை எங்களை மட்டும்தான் கப்பலிலை ஏத்தினவர்."

"பேர் என்ன, சிஞ்ஞோரா?"

"அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்களும் கேக்கேல்லை."

சிஞ்ஞோரா இப்போது இல்லை. என் வீட்டில் படைக்கும்போது இலையோரம் நானும் ஒரு பாண் துண்டு வைக்கிறேன். இறந்தவர்களுக்குத்தான் நாங்கள் படைப்போம். அந்தத் தங்கச்சி இறந்துவிட்டாளா என்று சிஞ்ஞோரா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.